ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில்

கலிபோர்னியாவில் வாழும் நம் பெரியப்பா மகள் சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் தொலைபேசியில் அழைத்தார். அகால வேளையில் அக்கா அழைத்தால் ஊரில் யாருக்கோ உடல்நலமில்லை என்று பொருள். அன்று அப்படியில்லை. அவருடைய மகளுக்கு மார்ச் மாதமே அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் பாயசம் வைத்து, ஊருக்கெல்லாம் சொல்லி, விடுதிக்கு முன்பணமும் கட்டியாயிற்று. இப்போது பள்ளியிறுதிப் பருவத்தின் மதிப்பெண் வந்திருக்கிறது. கால்குலஸ் பாடத்தில் 'டி'.

"ஏன் தம்பி, குடுத்த எடத்தத் திரும்பப் புடுங்கிக்குவாங்களா?"

இருபதாண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்தும் தம்பிக்கு இது தெரிந்திருக்கும் என்று அக்கா நம்பியதில் தவறில்லை. நமக்குத்தான் கேள்வியே முதலில் விளங்கவில்லை. நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து, முடிவு வெளியாகி, மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கல்லூரி வாயிலில் நிற்கிறோம். மதிப்பெண் முன்னே, இடம் பின்னே. இடம் கிடைக்காமல் போவதைப் பற்றி நம் மாணவர்கள் அழுது பார்த்திருக்கிறோம். கிடைத்த இடத்தை மதிப்பெண் பின்னால் வந்து பறித்துக்கொள்வது என்பது நம் அனுபவத்துக்கு வெளியே இருப்பது.

அக்காவுக்கு ஏதோ ஆறுதல் சொல்லி வைத்துவிட்டோம். ஆனால் ஒரு வினா மனத்தில் தங்கிவிட்டது. படிப்பு முடியும் முன்பே இடத்தைக் கொடுத்துவிடும் இந்தப் பழக்கம் அந்த நாட்டில் எப்போது வந்தது? கோடை விடுமுறை கையிலிருந்தமையால் தேடிப் படித்தோம். கிடைத்த விடை எதிர்பார்த்ததைவிடச் சுவையாக இருந்தது.

அமெரிக்காவின் மிகப் பழைய கல்லூரி ஹார்வர்ட். 1640களில் அங்கே வகுத்த விதிகளின்படி, சிசரோ போன்ற இலத்தீன் ஆசிரியர் ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் படித்துப் பொருள் கொள்ளவும், இலத்தீனில் உரைநடையும் செய்யுளும் ஆக்கவும், கிரேக்கப் பெயர்ச்சொல் வினைச்சொல் வாய்பாடுகளைச் சொல்லவும் வல்லவனே உள்ளே நுழையலாம். மதிப்பெண் பட்டியல் என்ற ஒன்றே இல்லை. தலைவரும் ஆசிரியர்களும் நேரில் உட்கார வைத்துக் கேட்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் புதிய பையனை எண்சுவடி சொல்லச் சொல்லிப் பார்ப்பது போன்றதுதான். சொன்னால் உள்ளே, சொல்லாவிட்டால் வெளியே.

அந்தத் தேர்வுக்குப் போன ஒரு பையனின் அனுபவம் அவனுடைய சொற்களிலேயே பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவராகிய ஜான் ஆடம்ஸ்தான் அந்தப் பையன். ஆண்டு 1751, வயது பதினைந்து. பிரெயின்ட்ரீ என்னும் ஊரிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு அவனை அழைத்துச் செல்ல வேண்டிய ஆசிரியர் மார்ஷ், புறப்படும் நாளில் உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டார். பையன் தனியாகக் குதிரையேறினான். வானம் மூடிக்கொண்டு மழைக்குறி காட்டியது. அத்தனை பெரியவர்கள் முன்னால் தனியே போய் நிற்பதை நினைத்ததும், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றியதாம். தந்தைக்கு வரும் துயரத்தையும், தான் பெரிதும் நேசித்த ஆசிரியரின் மீது தந்தைக்கு எழக்கூடிய சினத்தையும் எண்ணித்தான் தொடர்ந்து சென்றதாகத் தம் வரலாற்றில் எழுதுகிறார். தேர்வில் மேஹியூ என்ற ஆசிரியர் நீண்ட ஆங்கிலப் பகுதி ஒன்றைக் கொடுத்து இலத்தீனில் ஆக்கச் சொன்னார். பல சொற்களுக்கு இலத்தீன் நினைவுக்கு வரவில்லை. தொலைந்தோம் என்று நடுங்கிக்கொண்டிருக்கையில், மேஹியூ அவனைத் தம் அறைக்குள் அழைத்துப் போய் அகராதியையும் இலக்கண நூலையும் தாளையும் மையையும் காட்டி, வேண்டிய நேரம் எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். மாணவர் முன்னால் வினாத்தாளோடு நிற்க நேரும் நம்மைப் போன்றோர் அந்த மேஹியூவை மறக்கக் கூடாது.

ஆடம்ஸ் தேறினார். விடுமுறையில் எழுதி வரும்படி ஒரு தலைப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த விடுமுறையை எப்படிக் கழித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்: பெரிய பயன் ஒன்றுமில்லாமல், முக்கியமாகப் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டிருந்தாராம். இடம் கிடைத்தவுடன் பிள்ளைக்குப் படிப்பில் கை தளர்வது இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னும் நடந்திருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், ஆடம்ஸ் அந்தக் கோடையில் என்ன படித்தார் என்று ஹார்வர்ட் யாரிடமும் பட்டியல் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாய்மொழித் தேர்வின் இடத்தில் எழுத்துத் தேர்வு வந்தது. பாடங்கள் பெருகின. இலத்தீன், கிரேக்கத்தோடு கணிதம், புவியியல், வரலாறு, ஆங்கிலம் எல்லாம் சேர்ந்தன. எல்லாவற்றிலும் எல்லோரும் தேறுவது இயலாது. கல்லூரிகளுக்கோ மாணவர் வேண்டும், அவர்கள் கட்டும் பணமும் வேண்டும். அதனால் ஒரு வழி கண்டார்கள். கிரேக்கத்தில் தவறியவனைக் 'கிரேக்க நிபந்தனை'யோடு சேர்த்துக்கொள்வது. அவன் முதலாண்டு வகுப்பில் இருந்துகொண்டே கிரேக்கத்தைப் படித்துத் தேறிவிட வேண்டும். ஒருவனுக்கு ஒரு நிபந்தனை இருக்கும், இன்னொருவனுக்கு நான்கு. இது விதிவிலக்காக நிகழ்ந்ததன்று. 1907ஆம் ஆண்டில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய பெருங்கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நுழைவுத் தகுதிகளை முழுமையாக நிறைவு செய்யாதவர்களே.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நின்று பேச வேண்டும். தொழில் புத்தி, வாசகர்கள் பொறுத்தருள்க. அந்நாளில் நிபந்தனை என்பது உள்ளே வந்தவன் தலையில் இருந்த கடன். கடனைத் தீர்க்கும்வரை வகுப்பில் இருக்கலாம். இன்றைய சேர்க்கைக் கடிதங்களிலும் அதே ஆங்கிலச் சொல் இருக்கிறது. ஆனால் இன்று அது வெளியே நிற்பவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை. இதை நிறைவு செய்தால்தான் கதவு திறக்கும், திறந்த கதவும் மூடும். ஒரே சொல் வாயிற்படியின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு நகர்ந்துவிட்டது. அதை நகர்த்தியது என்ன?

முதலில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சொல்ல வேண்டும். 1871 முதல் அது தனித்தேர்வுக்கு மாற்றாக ஒரு முறையைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களே உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்று பார்வையிடுவார்கள். தரமானது என்று ஏற்கப்பட்ட பள்ளி தன் மாணவனுக்குச் சான்று தந்தால் தேர்வின்றிச் சேர்த்துக்கொள்வார்கள். இதன் பிறகு மேற்கு மாநிலங்களில் பள்ளியின் சொல்லுக்கு மதிப்பு வந்தது. பிற்காலத்தில் பள்ளி அனுப்பும் மதிப்பெண் பட்டியல் பெற்ற செல்வாக்குக்கு இதுவே வித்து எனலாம்.

கிழக்கில் தேர்வு முறையே தொடர்ந்தது, ஆனால் ஒழுங்கின்றி. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு பாடநூற் பட்டியல். ஆண்டோவர் பள்ளித் தலைவர் பான்கிராப்ட் 1885இல் புலம்பியிருக்கிறார்: அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகவிருக்கும் நாற்பது சொச்சம் பையன்களுக்காக இருபதுக்கும் மேற்பட்ட வகுப்புகள் நடத்த வேண்டியிருக்கிறதாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1900இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் தோன்றியது. ஹார்வர்டின் எலியட்டும் கொலம்பியாவின் நிக்கலஸ் மரே பட்லரும் அதற்கு முன்னின்றவர்கள். 1901 ஜூன் மாதம் முதல் தேர்வு நடந்தது. எழுதியவர் 973 பேர்.

ஜூன் என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளி ஆண்டு முடிகின்ற மாதம் அது. படிக்க வேண்டியதைப் படித்து முடித்த பிறகு தேர்வு, தேர்வுக்குப் பிறகு திருத்தம், கோடையில் முடிவு, இலையுதிர் காலத்தில் கல்லூரி. ஏறத்தாழ நம்முடைய முறைதான். கடைசிப் பருவத்தில் சோம்பியிருந்தவன் ஜூன் தேர்வில் அகப்பட்டுக்கொள்வான். கிடைத்த இடத்தை இழப்பது பற்றிய அச்சத்துக்கு அங்கே இடமில்லை, ஏனெனில் இடம் இன்னும் கிடைக்கவில்லை.

1926 ஜூன் 23 அன்று வாரியம் புதுவகைத் தேர்வு ஒன்றை நடத்தியது. கட்டுரை எழுத வேண்டியதில்லை, கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தால் போதும். எஸ்.ஏ.டி. என்று இன்று உலகறிந்த தேர்வு அதுவே. அவ்வாண்டு எழுதியவர் 8,040 பேர். அது படித்த பாடத்தை அளப்பதன்று, பொதுவான ஆற்றலை அளப்பது என்று சொல்லப்பட்டது. அளந்ததா இல்லையா என்ற வழக்கு நூறாண்டாகியும் தீர்ந்தபாடில்லை. அதற்குள் நாம் போக வேண்டாம். நமக்கு வேண்டியது வேறு. பாடத்தை அளக்காத தேர்வுக்குப் பாடம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1937இல் வாரியம் உதவித்தொகை வேண்டும் மாணவர்களுக்காக ஏப்ரல் மாதத்திலும் தேர்வு நடத்தத் தொடங்கியது. ஜூனைச் சுற்றியிருந்த மதிலில் முதல் செங்கல் அன்று பெயர்ந்தது.

மதில் முழுவதும் இடிந்தது நான்காண்டு கழித்து, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். அமெரிக்கா போரில் இறங்கியது. இளைஞர்கள் படைக்குப் போகுமுன் படிப்பை விரைந்து முடிக்க வேண்டும் என்று பெருங்கல்லூரிகள் கோடையிலும் வகுப்பு நடத்த முடிவு செய்தன. கோடையிலேயே முதலாண்டு வகுப்பு தொடங்குமானால், ஜூனில் தேர்வெழுதி, கட்டுரைகளை மனிதர்கள் உட்கார்ந்து திருத்தி, முடிவு சொல்வதற்கு நேரமேது? ஹார்வர்டும் யேலும் பிரின்ஸ்டனும் அந்த டிசம்பரிலேயே ஏப்ரல் தேர்வுக்கு மாறிவிட்டன. 1942 ஜூன் கட்டுரைத் தேர்வு கைவிடப்பட்டது. போர்க்காலத்துத் தற்காலிக ஏற்பாடு என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள். போர் முடிந்தது. நாற்பதாண்டு வழங்கிய அந்தப் பழைய தேர்வு மட்டும் திரும்பி வரவில்லை.

அக்கா மகளின் அச்சத்துக்குப் பிறந்த தேதி ஒன்று சொல்லச் சொன்னால் அந்த டிசம்பரைத்தான் நாம் சொல்வோம். ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் ஓர் இடைவெளி அப்போது உண்டாயிற்று. அதில் மாணவன் ஒரே நேரத்தில் இரண்டாக இருக்கிறான். கல்லூரிக்கு இடம் பெற்றவன், பள்ளியை இன்னும் முடிக்காதவன்.

போருக்குப் பின் இடைவெளி நீண்டது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியால் 22 லட்சம் போர்வீரர்கள் கல்லூரிகளுக்கு வந்தார்கள். அதன் பிறகு அவர்களுடைய பிள்ளைகள். ஒருவரே பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலானார். எத்தனை பேருக்கு இடம் கொடுத்தால் எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பது கல்லூரிகளுக்குச் சூதாட்டமாயிற்று. பந்திக்கு எத்தனை இலை போடுவது என்று தெரியாத கல்யாண வீட்டின் கவலை அது. அதற்கு மருந்தாகக் காத்திருப்போர் பட்டியல் வந்தது, மே 1 அன்றுக்குள் ஒப்புதல் தரவேண்டும் என்ற வழக்கம் வந்தது, நவம்பரிலேயே விண்ணப்பித்து டிசம்பரில் முடிவு பெறும் முன்கூட்டிய சேர்க்கையும் வந்தது. டிசம்பரில் இடம் பெற்ற பிள்ளைக்குப் பள்ளியில் இன்னும் அரை ஆண்டு இருக்கிறது. அந்த அரை ஆண்டு முழுவதும் அவன் ஒழுங்காகப் படிப்பான் என்பதற்குக் கல்லூரிக்கு என்ன பிணை? அந்தப் பிணையாகத்தான் கடிதத்தின் அடியில் அந்த வரி வந்து உட்கார்ந்தது: இறுதியாண்டை நல்லமுறையில் நிறைவு செய்வதற்கு உட்பட்டே இந்த அனுமதி. நடுவாண்டு அறிக்கை ஒன்று, ஜூன் முடிவில் முழுப் பட்டியல் ஒன்று, பள்ளி அனுப்பியாக வேண்டும்.

கடைசி ஆண்டின் சோம்பலுக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் 'சீனியரைட்டிஸ்' என்று நோய்ப்பெயர் போல ஒரு கேலிச்சொல் உண்டு. 1907 அளவிலேயே அது வழக்கில் இருந்ததாக அகராதிகள் காட்டுகின்றன. ஆகவே சோம்பல் இடைவெளியைவிடப் பழையது. ஆனால் அந்த இடைவெளியே அதை ஒரு பொதுச் சிக்கல் ஆக்கிற்று. 2000ஆம் ஆண்டில் பள்ளி இறுதியாண்டு பற்றி ஆராய்வதற்கென்றே தேசிய ஆணையம் ஒன்றை அமைக்குமளவுக்குக் கவலை முற்றியது. அது 2001இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்டுப் பேராசிரியர் மைக்கேல் கிர்ஸ்ட், சோம்பலுக்கு மாணவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே இணைப்பு இல்லாத அமைப்பே அந்த ஆண்டைப் பொருளற்றதாக ஆக்குகிறது என்ற கருத்தில் எழுதினார். நமக்கு அவர் பக்கம் சாயத் தோன்றுகிறது. பரிசைக் கொடுத்துவிட்டுப் பந்தயத்தை இன்னும் ஓடு என்றால் எந்தக் கால் ஓடும்?

இதே இடைவெளியை இங்கிலாந்து வேறுவகையில் கையாண்டது. அங்கே இறுதித் தேர்வுக்கு முன்பே கல்லூரி இடம் சொல்லிவிடும், ஆனால் இன்னின்ன பாடத்தில் இன்னின்ன தரம் என்று எண்ணி வைத்துச் சொல்லும். ஆகஸ்டில் முடிவு வரும். எட்டினால் இடம், எட்டாவிட்டால் பெரும்பாலும் இல்லை. கொடியதுதான். இருந்தாலும் கோடு எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். 2020இல் நோய்த்தொற்றால் தேர்வே நடக்காதபோது அந்தக் கோடும் மங்கிற்று. ஆசிரியர்கள் மதிப்பிட்ட தரங்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டைக் கணினிக் கணக்கு ஒன்று இங்கிலாந்தில் கீழிறக்கியது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வெளிவந்ததும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், 17ஆம் தேதி, அரசு அதைக் கைவிட்டு ஆசிரியர் தரத்துக்கே திரும்பியது.

அமெரிக்கக் கடிதத்தில் பொதுவாகக் கோடு இல்லை. 'நல்லமுறையில்' என்றால் எவ்வளவு? கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் இதில் விதிவிலக்கு. இறுதியாண்டில் 'சி'க்குக் கீழ் எதுவும் கூடாது, சராசரி 3.0க்குக் குறையக் கூடாது என்று அது எழுத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் கோடு வரைந்திருப்பது வேறு, அதை யார் மீது எப்போது செலுத்துவது என்பது வேறு. இதை 2017ஆம் ஆண்டு எல்லோரும் கண்டார்கள்.

அப்பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் அவ்வாண்டு முதலாண்டுக்கு ஏறத்தாழ 6,250 பேரை எதிர்பார்த்தது. ஒப்புதல் தந்தவர்களோ ஏறத்தாழ 7,100 பேர். இலை போதவில்லை. வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கையில், 499 பேருக்குக் கொடுத்த இடம் திரும்பப் பெறப்பட்டது. அவர்களில் ஏறத்தாழ 290 பேர் மதிப்பெண் பட்டியல் உரிய நாளில் வந்து சேராமை போன்ற ஆவணக் குறைகளுக்காக நீக்கப்பட்டவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இறுதியாண்டு மதிப்பெண் குறைந்தவர்கள். எதிர்பார்த்ததைவிடப் பலர் சேர்ந்ததால் அவ்வாண்டு நிபந்தனைகளைக் கண்டிப்பாகப் பார்த்தோம் என்று வளாக அதிகாரியே ஒப்புக்கொண்டார். பிற கல்லூரிகளுக்கு மே மாதமே மறுப்புச் சொல்லிவிட்ட பிள்ளைகள் ஜூலைக் கடைசியில் எங்கே போவார்கள்? குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்குப் போகவிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் வளாகத் தலைவர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டு, மதிப்பெண் உண்மையிலேயே தகுதிக்குக் கீழிருந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இடத்தைத் திரும்பக் கொடுத்தார்.

கொடுத்தார் என்பது பெருமைக்குரியதே. ஆனால் நம்மை உறுத்துவது மதிப்பெண் குறைந்த அந்த மற்றவர்கள். அதே 'டி' வாங்கிய பிள்ளை, இலைகள் மிஞ்சிய ஓர் ஆண்டில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு உள்ளே போயிருக்கலாம். ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்டு எழுதுவதும், கண்காணிப்பில் சேர்ப்பதும்தான் கல்லூரிகள் பெரிதும் செய்வது. திரும்பப் பெறுவது அரிது. அரிதானது எந்த ஆண்டு, யார் மீது விழும் என்பது பிள்ளையின் கணிதத்தை மட்டும் பொறுத்ததன்று.

இவ்வளவையும் படித்த பிறகு அக்காவிடம் நாம் சொல்லக்கூடியதாக இருந்தது ஒன்றுதான்: பட்டியல் போய்ச் சேருமுன் பிள்ளையே எழுதட்டும். அடுத்த நாள் மின்னஞ்சலில் வரைவு வந்தது. ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தார் மாப்பிள்ளை. ஜனவரியில் திருவாரூரில் அப்பாயி இறந்துபோனதும், குடும்பத்தோடு வந்து பதினாறு நாள் இருந்ததும், வகுப்புகள் தவறியதும் முதற்பத்தியிலேயே இருந்தன. உருக்கமான பத்தி. பொய்யொன்றும் இல்லை. நமக்கும் சரியென்றே பட்டது.

மறுநாள் மகள் அனுப்பிய வரைவில் அந்தப் பத்தி இல்லை. ஏன் எடுத்தாய் என்று தொலைபேசியில் கேட்டோம்.

"அப்பாயி ஜனவரில எறந்தாங்க மாமா. ஃபிப்ரவரி டெஸ்ட்ல எனக்கு ஏ. லெட்டர் வந்தப்புறந்தான் நான் புக்கையே தொறக்கல. அப்பாயிய ஏன் இழுக்கணும்?"

கடிதம் நான்கே வரியாக இருந்தது. இடம் கிடைத்த பிறகு படிப்பை விட்டுவிட்டேன், தவறு என்னுடையது, அந்தப் பாடத்தைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று அக்கா சொன்னார். கடைசியில் அவள் எழுதியதே போயிற்று.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஜூலையில் தொடங்கும் கோடை வகுப்பில், பக்கத்திலுள்ள சமுதாயக் கல்லூரியில் கால்குலஸை மீண்டும் படித்து 'சி'க்குக் குறையாமல் வாங்கி, பட்டியலை அனுப்ப வேண்டும். அதுவரை இடம் இருக்கும். ஹார்வர்டின் பழைய பேரேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'கணித நிபந்தனை' என்று எழுதியிருப்பார்கள். வகுப்பு காலை ஏழரை மணிக்கு. அக்காதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.